ஜாக் ஹில்ஸ் சிர்க்கான்: கூடவே பிறந்தது எது, பிறகு நுழைந்தது எது?

பூமிக்கு வயது 454 கோடி ஆண்டு. அதில் முதல் 50 கோடி ஆண்டுகளுக்குச் சாட்சி சொல்ல ஏறக்குறைய ஒரு பாறையும் மிச்சமில்லை. கனடாவின் அகாஸ்டா பாறைக்கு வயது 403 கோடி. அதே நாட்டில் ஹட்சன் விரிகுடா ஓரம் இருக்கும் இன்னொரு பாறை அதைவிடப் பழையது என்கிறார்கள். அந்த வயதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. அதற்கு முந்தைய பூமியைப் பற்றி யாராவது உறுதியாக ஏதாவது சொன்னால், அவர் பெரும்பாலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒரு குன்றில் கிடைத்த மணல் துகள்களை வைத்துத்தான் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் குன்றின் பெயர் ஜாக் ஹில்ஸ். பெர்த் நகரத்திலிருந்து வடக்கே சுமார் 800 கி.மீ. வஜாரி யமாஜி மக்களின் மண். மழை குறைவு, புதர்க்காடு, பரந்த ஆட்டுப் பண்ணைகள். பார்க்க அழகான இடம் என்று சொல்ல முடியாது. ஆனால் இங்கே கிடைத்த துகள்களை வைத்துக் கடந்த 40 ஆண்டுகளில் என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். கடல் இருந்தது, கண்டம் இருந்தது, காந்தப்புலம் இருந்தது, வைரம் இருந்தது, ஏன், உயிர்கூட இருந்திருக்கலாம் என்று. இதில் சில நிலைத்துவிட்டன. ஒன்று வெட்கக்கேடாக முடிந்தது. எது நின்றது, எது விழுந்தது என்பதை ஒரே கேள்வியால் பிரித்துவிடலாம்: துகளுக்குள் பார்த்த பொருள் துகளோடு பிறந்ததா, பிறகு வந்து புகுந்ததா?

இடிந்த வீட்டின் செங்கல்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜாக் ஹில்ஸ் பாறைக்கு 440 கோடி வயது என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அது தவறு. அந்தப் பாறை ஒரு கூழாங்கல் பாறை. சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆறு கொண்டுவந்து கொட்டிய சரளையும் மணலும் இறுகி, பிறகு பூமிக்குள் புதைந்து, வெந்து, அழுந்தி உருமாறியது. அந்த மணலில் கலந்திருக்கும் சில துகள்கள்தான் மிகப் பழையவை. அவை பிறந்த தாய்ப் பாறை அரிபட்டுக் கரைந்து எப்போதோ காணாமல் போய்விட்டது. இடித்த வீட்டின் செங்கலை எடுத்து வேறொருவர் சுவர் எழுப்பியதைப் போல, பழைய வீடு இல்லை, செங்கல் மட்டும் இருக்கிறது. செங்கலைப் பார்த்து வீட்டைச் சொல்ல வேண்டும்.

அந்தச் செங்கல்தான் சிர்க்கான். சிர்க்கோனியம், சிலிக்கான், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த கனிமம். நமக்குப் புதிதில்லை, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் அள்ளுகிறார்களே, இல்மனைட், மோனசைட்டோடு சேர்ந்து அதில் சிர்க்கானும் வருகிறது. (நம் ஊர் சிர்க்கானுக்கு ஜாக் ஹில்ஸ் அளவு வயது கிடையாது.) பாறைகளில் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் லேசில் அழியாது. குவார்ட்ஸைவிடச் சற்றுக் கடினம். தண்ணீரும் அமிலமும் எளிதில் அரிக்காது. பாறை உருகினாலும் பல நேரம் சிர்க்கான் உருகாமல் தப்பிவிடும், மேலே புதிதாக ஒரு தோல் மட்டும் வளர்ந்திருக்கும்.

இதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. படிகமாக வளரும்போது சிர்க்கான் யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே விடும். ஈயத்தை அறவே விடாது. அப்புறம் உள்ளே போன யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாகிறது. ஆகவே இன்று உள்ளே காணும் ஈயம் கிட்டத்தட்ட எல்லாமே அங்கேயே பிறந்தது. எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும்.

இதில் கூடுதல் வசதி, உள்ளே ஓடுவது ஒரு கடிகாரம் இல்லை, இரண்டு. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 446.8 கோடி ஆண்டு எடுக்கும். யுரேனியம்-235 வேகமானது, 70.4 கோடி ஆண்டு போதும். 440 கோடி வயதுள்ள துகளில் முதலாவது பாதி மிச்சமிருக்கும். இரண்டாவது நூறில் ஒரு பங்கு சொச்சம்தான் இருக்கும். துளை சிறிதும் பெரிதுமான இரண்டு நாழிகை வட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததைப் போல. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் இடையில் யாரும் கை வைக்கவில்லை என்று நம்பலாம். நேரம் ஒத்துப்போகாவிட்டால், நடுவில் எப்போதோ ஈயம் கசிந்திருக்கிறது. இந்த ஒப்புதலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இறால் என்று ஒரு இயந்திரம்

பழைய முறையில் பல துகள்களைச் சேர்த்து அமிலத்தில் கரைத்து அளந்தார்கள். ஜாக் ஹில்ஸ் போன்ற கலப்பட மணலுக்கு அது உதவாது, எல்லா வயதும் ஒன்றாகக் குழம்பிவிடும். ஒரே துகளில், அதுவும் ஒரு மூலையில் மட்டும் அளக்க வேண்டும். கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் காம்ப்ஸ்டனும் ஸ்டீவ் கிளெமென்ட்டும் அதற்கென்றே ஓர் அயனி நுண்சோதனைக் கருவியைக் கட்டினார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஷ்ரிம்ப், அதாவது இறால். பெயர்தான் இறால், ஒரு அறையையே நிறைத்துக்கொண்டு பல டன் எடையோடு உட்கார்ந்திருக்கும்.

இப்படிப்பட்ட கருவிக்குத் துணையாக வயது தெரிந்த ஒரு சிர்க்கான் எப்போதும் வேண்டும். தராசுக்குப் படிக்கல் மாதிரி. கான்பெராவில் நெடுநாள் அந்தப் படிக்கல்லாக இருந்தது இலங்கையில் கிடைத்த ரத்தினத் தரமான ஒரு சிர்க்கான். எஸ்எல்13 என்பது அதன் பெயர், வயது 57.2 கோடி ஆண்டு.

1983-இல் டெரெக் ஃப்ரூட், காம்ப்ஸ்டன் உள்ளிட்ட குழு முதல் அதிர்ச்சியைக் கொடுத்தது. ஜாக் ஹில்ஸுக்குத் தென்மேற்கே இருக்கும் மவுண்ட் நாரியர் பாறையில் 410 முதல் 420 கோடி வயதுள்ள துகள்கள். 1986-இல் காம்ப்ஸ்டனும் ராபர்ட் பிட்ஜனும் ஜாக் ஹில்ஸிலிருந்து 427.6 கோடி வயதுள்ள துகளைக் காட்டினார்கள். 2001 ஜனவரியில் நேச்சர் இதழில் சைமன் வைல்ட், ஜான் வேலி குழுவினர் ஒரு துகளின் ஒரு பகுதிக்கு 440.4 கோடி என்று அறிவித்தார்கள். முன்பின் 80 லட்சம் ஆண்டு. அதே இதழில் ஸ்டீஃபன் மோய்சிஸ், மார்க் ஹாரிசன், பிட்ஜன் மூவரும் வேறு ஜாக் ஹில்ஸ் துகள்களை வைத்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

ஒரு துகள் இந்த இறாலின் வாய்க்குள் போவதற்கு முன் என்ன நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. இந்த வழக்கின் ஒரு திருப்பம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பாறையை உடைத்துப் பொடியாக்கிச் சலிக்கிறார்கள். கனமான திரவத்தில் போட்டால் குவார்ட்ஸ் மிதக்கும், சிர்க்கான் அடியில் தங்கும். காந்தத்தைக் காட்டி இரும்புக் கனிமங்களைப் பிரிக்கிறார்கள். மிச்சத்தை நுண்ணோக்கிக்கு அடியில் பரப்பி, ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார். அரிசியில் கல் பொறுக்குவதற்கு நேர் எதிர் வேலை. இங்கே கல்தான் வேண்டும். பொறுக்கியவற்றை இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவில் வரிசை வரிசையாக நடுகிறார்கள். மேலே வளையம் வைத்துப் பிசின் ஊற்றி இறுகவிட்டு, தட்டைத் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு துகளும் பாதியாக வெட்டப்பட்டு நடுவயிறு தெரியும்வரை கொண்டுவருகிறார்கள். அப்புறம் கண்ணாடிபோல மெருகு. எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால், வெட்டிய வெங்காயத்தின் வளையங்களைப் போல அது வளர்ந்த அடுக்குகள் ஒளிர்கின்றன. எந்த அடுக்கு பழையது, எங்கே விரிசல் என்று பார்த்துவிட்டு, தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய ஓரிடத்தில் அயனிக் கற்றையைக் குறிவைக்கிறார்கள்.

இத்தனை பாடுபட்டும், ஜாக் ஹில்ஸின் பெயர்பெற்ற பாறையில்கூட 400 கோடியைத் தாண்டிய துகள்கள் நூறில் ஒருசிலதான் தேறும். அதனால் ஆயிரக்கணக்கில் பொறுக்குகிறார்கள்.

ஈயம் நகர்ந்ததா?

440 கோடி என்ற எண்ணுக்கும் சந்தேகம் வந்தது. யுரேனியம் சிதையும்போது படிகம் உள்ளுக்குள் அடிபடுகிறது. அடிபட்ட படிகத்தில் ஈயம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து குவியலாம். குவிந்த இடத்தில் கற்றை விழுந்தால் இல்லாத வயதைக் காட்டும். அன்டார்டிகாவிலிருந்து வந்த சிர்க்கான்களில் ஈயம் இப்படித் திட்டுத்திட்டாகச் சேர்ந்திருந்ததைப் பார்த்ததும் இந்தக் கவலை வலுத்தது.

2014-இல் வேலி குழு இதற்குப் பதில் சொன்ன விதம் எனக்கு இந்த வழக்கிலேயே மிகப் பிடித்தது. 437.4 கோடி வயது காட்டிய ஒரு துகளிலிருந்து மெல்லிய ஊசி ஒன்றைச் செதுக்கி எடுத்து, அதிலிருந்து அணுக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து எண்ணினார்கள். ஈயம் நகர்ந்திருந்தது, உண்மைதான். சுமார் 340 கோடி ஆண்டுகளுக்கு முன் துகள் சூடுபட்டபோது ஈய அணுக்கள் சின்னச் சின்னக் கொத்துகளாகச் சேர்ந்திருந்தன. ஆனால் ஒரு கொத்தின் அளவு சுமார் 10 நானோமீட்டர். அயனிக் கற்றை விழும் குழி அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் அகலம். வீட்டுக்குள் சாமான் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மாறியிருக்கிறது, வாசலைத் தாண்டவில்லை. மொத்தக் கணக்கு சரியாகத்தான் வரும்.

ஈயம் துகளோடு இருந்ததா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாது.

தண்ணீரின் தடம்

வயது பழையது, சரி. அதனால் நமக்கென்ன? 2001 கட்டுரைகள் பரபரப்பானதற்குக் காரணம் வயது மட்டுமில்லை, ஆக்சிஜன்.

இயற்கையில் ஆக்சிஜன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் நிறை எண் 16; கொஞ்சம் 18. பூமியின் ஆழத்திலிருந்து நேரே வந்த மாக்மாவில், அதாவது உருகிய பாறைக் குழம்பில், வளரும் சிர்க்கானில் இவற்றின் விகிதம் ஏறக்குறைய மாறாது. ஆயிரத்துக்கு இத்தனை என்று கணக்கிடும் அளவுகோலில் சுமார் 5.3. ஜாக் ஹில்ஸ் துகள்கள் சிலவற்றில் அது 7-ஐத் தாண்டியது.

கேட்டால் சின்ன வித்தியாசம். ஆனால் கனமான ஆக்சிஜன் அப்படிச் சும்மா கூடாது. பாறை மேற்பரப்புக்கு அருகே, குறைந்த வெப்பத்தில், தண்ணீரோடு நெடுநாள் கலந்து களிமண்ணாக மாறும்போது கனமான ஆக்சிஜன் அதில் சேர்கிறது. அந்தக் களிமண் புதைந்து, உருகி, புதிய மாக்மாவில் கலந்தால், அதில் வளரும் சிர்க்கானுக்கும் அந்தக் குணம் போகும். எனவே 430 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் மேல் திரவத் தண்ணீர் இருந்திருக்க வேண்டும். அது பாறையை அரித்திருக்க வேண்டும். அப்படி அரிபட்ட பாறை உள்ளே போய் உருகவும் நேரம் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்துக்கு 1972-இல் பிரெஸ்டன் கிளவுட் வைத்த பெயர் ஹேடியன். கிரேக்கப் புராணத்துப் பாதாள உலகமான ஹேடிஸிலிருந்து எடுத்தது. எரிகுழம்புக் கடல், ஓயாத விண்கல் மழை, நிற்க இடமில்லாத நரகம் என்பதுதான் பாடப்புத்தகப் படம். நரகத்தில் தண்ணீர் தேங்காதே! 2002-இல் வேலி குழு ‘குளிர்ந்த தொடக்கப் பூமி’ என்று எதிர்ப்பாட்டுப் பாடியது. 2005-இல் புரூஸ் வாட்சனும் ஹாரிசனும் இன்னொரு தடயத்தைச் சேர்த்தார்கள். சிர்க்கானுக்குள் எவ்வளவு டைட்டானியம் போகிறது என்பது அது வளர்ந்த வெப்பத்தைப் பொறுத்தது. ஜாக் ஹில்ஸ் துகள்கள் காட்டிய வெப்பம் சுமார் 700 டிகிரி செல்சியஸ். காய்ந்த பாறை உருக இது போதாது. நீர் கலந்திருந்தால் கிரானைட் இந்த வெப்பத்திலேயே உருகத் தொடங்கும். (இதே வெப்பம் வேறு வகை மாக்மா ஆறும்போதும் வரும் என்று மறுத்தவர்களும் உண்டு. வெப்பத்தை மட்டும் தனியாக வைத்து நான் எதையும் நம்பமாட்டேன்.)

இந்த ஆக்சிஜன் ஏன் நம்பகமானது? அது துகளுக்குள் சிக்கிய அந்நியப் பொருள் இல்லை. சிர்க்கானின் சுவரே ஆக்சிஜனால் ஆனது. அதை மாற்ற வேண்டுமென்றால் சுவரையே இடிக்க வேண்டும். இடித்திருந்தால் ஈயமும் கசிந்திருக்கும், இரண்டு நாழிகை வட்டில்களும் வெவ்வேறு நேரம் காட்டியிருக்கும். ஆகவே இரண்டும் ஒத்துப்போன இடத்தில் அளந்த ஆக்சிஜனை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். விரிசலில் அளந்ததைத் தள்ளிவிடுகிறார்கள்.

2024-இல் ஹமீத் கமாலெல்தீன் தலைமையிலான குழு இதையே தலைகீழாகத் தேடியது. சில துகள்களில் ஆக்சிஜன் கனமாக இல்லாமல், 5.3-க்கும் கீழே, 2 வரை இறங்கியிருந்தது. கடல்நீரால் மட்டும் அவ்வளவு கீழே இழுப்பது கடினம். மழையாகப் பெய்த நன்னீர் சூடான பாறைக்குள் இறங்கினால் முடியும். மழைநீர் தேங்க, கடலுக்கு மேலே தலைநீட்டிய நிலம் வேண்டும். அப்படியானால் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தரை இருந்தது, அதில் மழை பெய்தது என்பது அவர்கள் வாதம். புதிய வாதம்; மற்றவர்கள் இன்னும் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெருகுப் பசையில் இருந்த வைரம்

இனி விழுந்தவை.

2007-இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களை உள்ளடக்கிய குழு ஒன்று ஜாக் ஹில்ஸ் சிர்க்கான்களுக்குள் நுண்வைரங்களைக் கண்டதாக நேச்சர் இதழில் எழுதியது. சில துகள்களின் வயது 425 கோடி. வைரத்துக்கு மிகப் பெரிய அழுத்தம் வேண்டும். அதனால் அப்போதே தடித்த கண்டங்கள் இருந்தன, பாறைகள் பெரும் ஆழத்துக்குப் போய் வந்தன என்றெல்லாம் கதை விரிந்தது.

2014-இல் லாரிசா டோப்ரஷினெட்ஸ்காயா குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த வைரங்களின் அக்கம்பக்கத்தைப் பார்த்தது. வைரம் இருந்தது, விரிசல்களில். கூடவே மாதிரித் தட்டின் பிசினும் மெருகேற்றிய பொருளின் மிச்சமும் இருந்தன. துகள்களைக் கண்ணாடிபோல மெருகேற்றினார்களே, அந்தப் பசையே வைரத்தூள்தான். 400 கோடி ஆண்டு பழைய வைரம் என்று நினைத்தது, ஆய்வகத்தில் கடையிலிருந்து வாங்கி வந்த பசை. இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். ஆனால் மெருகேற்றாமல் துகளுக்குள் எதையும் பார்க்கவும் முடியாது என்பதுதான் சங்கடம்.

மைக்கா கதை இவ்வளவு வேடிக்கையானது இல்லை, ஆனால் இன்னும் நுட்பமானது. துகள்களுக்குள் மஸ்கோவைட் என்ற மைக்கா சிக்கியிருந்தது. 2008-இல் மிஷெல் ஹாப்கின்ஸ், ஹாரிசன், கிரெய்க் மேனிங் மூவரும் அதன் வேதியியலிலிருந்து அழுத்தத்தையும் வெப்பத்தையும் கணக்கிட்டு, அந்த இடத்தில் பூமியின் உள்வெப்பம் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றார்கள். இன்று பூமியின் மேலோட்டுத் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்கு அடியில் புகும் இடங்களில்தான் அப்படி இருக்கும். 2011-இல் பிர்கர் ராஸ்முசென் குழு வேறு வழியில் போனது. அதே வகைச் சிர்க்கான்களுக்குள் சிக்கியிருந்த மோனசைட், செனோடைம் மணிகளுக்கு வயது பார்த்தார்கள். இரண்டிலும் யுரேனியம் இருப்பதால் அவற்றுக்கும் கடிகாரம் உண்டு. வந்த வயது 268 கோடி, சிலவற்றில் 80 கோடி. வீட்டுக்கு வயது 400 கோடி, உள்ளே இருக்கும் ஆளுக்கு 80 கோடி! பாறை புதைந்து வெந்தபோது சூடான நீர் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் வழியே உள்ளே போய், பழைய மணிகளைக் கரைத்துப் புதியதை வளர்த்திருக்கிறது. மைக்காவில் பெரும்பகுதியும் இப்படி வந்ததுதான் என்பது அவர்கள் முடிவு. ஹாரிசன் தரப்பு இதை முழுவதும் ஏற்கவில்லை. என் பார்வையில், தட்டு நகர்வுக்கு மைக்காவைச் சாட்சியாகக் கூப்பிடுவதை அன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

காந்தப்புலத்திலும் இதே மல்லுக்கட்டுதான். 2015-இல் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் டார்டுனோ குழு, சிர்க்கானுக்குள் இருக்கும் மேக்னடைட் என்ற காந்தக் கனிம மணிகளின் காந்தத்தை அளந்து, 420 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமிக்குக் காந்தப்புலம் இருந்தது என்றது. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள், 2020-இல் காவே போர்லினா முதலானோர், அந்த மேக்னடைட் பிறகு விரிசல்களிலும் அடிபட்ட பகுதிகளிலும் வளர்ந்தது என்றார்கள். டார்டுனோ தரப்பும் விடவில்லை. இதற்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

பத்தாயிரத்தில் ஒன்று

கடைசியாக, எல்லாரும் கேட்பது: உயிர்.

2015-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் எலிசபெத் பெல், ஹாரிசன் குழு 10,000-க்கும் மேற்பட்ட ஜாக் ஹில்ஸ் துகள்களைச் சலித்தது. கரும்புள்ளி உள்ளவை என்று 656-ஐ ஒதுக்கினார்கள். அதில் 79-ஐ ராமன் ஒளி நிறமாலையில் கூர்ந்து பார்த்தார்கள். மிஞ்சியது ஒன்று. 410 கோடி வயதுள்ள அந்தத் துகளின் இரண்டு இடங்களில் கிராஃபைட், அதாவது கார்பன் இருந்தது. கார்பனிலும் கனமானது, இலேசானது உண்டு. உயிரினங்கள் இலேசான கார்பன்-12-ஐ விரும்பி எடுத்துக்கொள்ளும். இந்தக் கிராஃபைட்டில் இலேசான கார்பன் கூடுதல். ஆயிரத்துக்கு இத்தனை என்ற அதே வகை அளவுகோலில் −24, முன்பின் 5. இன்றைய தாவரங்களிலும் நுண்ணுயிர்களிலும் வரும் எண்ணும் ஏறக்குறைய இதுவே.

வைரத்தின் கதை தெரிந்த யாரும் அடுத்து என்ன கேட்பார்களோ அதை இவர்களும் கேட்டுக்கொண்டார்கள். எக்ஸ்-கதிர் நுண்ணோக்கியில் துகளைப் பார்த்து, கிராஃபைட்டைச் சுற்றிலும் விரிசல் எதுவும் இல்லை, அது படிகத்துக்குள் முழுதாக அடைபட்டிருக்கிறது என்று காட்டினார்கள். கூடவே பிறந்ததா என்ற தேர்வில் இந்தத் துகள் தேறிவிட்டது என்றே சொல்வேன். சிக்கல் அடுத்த படியில். உயிரில்லாத வேதிவினைகளும் சில சூழலில் இலேசான கார்பனைத் தரும். சில விண்கற்களிலும் அப்படிப்பட்ட கார்பன் உண்டு. பெல் குழுவின் கட்டுரைத் தலைப்பே ‘உயிர்சார்ந்ததாக இருக்கக்கூடிய கார்பன்’ என்றுதான் இருந்தது. செய்தித்தாள்கள் அந்த ‘இருக்கக்கூடிய’ என்பதை விட்டுவிட்டு, உயிர் தோன்றியது 410 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று போட்டன.

ஒரே துகளை வைத்து இதற்குமேல் வாதாட வழியில்லை. இன்னொன்று வேண்டும், முடிந்தால் வேறொரு கண்டத்திலிருந்து. ஒடிஷாவின் சம்புவா அருகே, சிங்பும் பகுதிக் கிரானைட் வகைப் பாறை ஒன்றுக்குள் 424 கோடி வயதுள்ள சிர்க்கான் அகப்பட்டதை 2018-இல் அறிவித்தார்கள். அது ஆற்று மணலில் உருண்டு வந்தது இல்லை. மாக்மா மேலே வரும் வழியில் ஏதோ பழைய பாறையிலிருந்து வாரிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த வயதில் அங்கே கிடைத்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். கரும்புள்ளி தேட ஜாக் ஹில்ஸில் பத்தாயிரம் பொறுக்க வேண்டியிருந்தது.